சாயக்கடை பாட்டும் ஆத்து வெள்ளமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தத வாசிச்சேன். குழித்துறை ஆத்தங்கரைல ஒரு சாயக்கடை (டீக்கடை) முன்னால மாசாமாசம் ராத்திரி கூட்டம் கூடி வில்லுப்பாட்டு பாடுதாங்க, அது வெள்ளம் ஏறுற எடம், என்னைக்காவது ஒருத்தன ஆறு இழுத்துட்டு போன பெறகு தான் முழிப்பு வருமா, இந்த கூட்டத்த நிப்பாட்டணும் இல்லன்னா டவுணுக்குள்ள ஒரு மண்டபத்துக்கு மாத்தணும்னு எழுதியிருந்தாரு. அந்த கூட்டத்துல வில்லுக்கு தாளமா மண்குடம் அடிக்கிறது நான் தான், அதனால பதில் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமா போகும், மன்னிக்கணும். எடம் பத்தலன்னா வெட்டிக்கிடுங்க, ஆனா அணை சமாச்சாரத்த மட்டும் வெட்டிராதீங்க.

அவரு சொன்னதுல பாதி சரி. வெள்ளம் ஏறுற எடம் தான் அது, யாரு இல்லன்னு சொன்னா. ஆத்துல குளிக்க எறங்குற படில இருந்து ஏழெட்டு படி மேல கடைத்தரை, அவ்வளவு தான். எடவப்பாதி (தென்மேற்கு பருவ) மழைலயும் ஏறும், ஐப்பசி மழைலயும் ஏறும், ரெண்டு மழையும் வாங்குற மாவட்டம்லா நம்ம கன்னியாகுமரி. எங்க பக்கம் குடிக்க கேக்கதும் 'கொஞ்சம் வெள்ளம் தாங்க'ன்னு தான், வீட்டுக்குள்ள ஏறி வாறதும் வெள்ளம் தான், ரெண்டுக்கும் ஒரே சொல்லு. மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு தம்பி கடை வாசல்ல நின்னுட்டு இருந்தான், உள்ள இருந்து கடைக்கார மாமா 'வெள்ளம் வருது மக்கா, கால எடு'ன்னாரு, அவன் செருப்ப விட்டுட்டு ரோட்டுக்கு ஓடிட்டான். பாத்தா மாமா பக்கெட்ல மோந்து தரைய கழுவி விட்டுட்டு இருக்காரு. இத இன்னைக்கும் சொல்லி சிரிப்போம்.

வெளியூர்ல இருந்து வாசிக்கவங்களுக்காக சொல்லுதேன். போர்டுல தாமிரபரணின்னு இருக்கும், ஆனா திருநெல்வேலில ஓடுற தாமிரபரணி வேற, இது வேற. பேச்சிப்பாறை அணைல இருந்து வாற கோதையாறும் பெருஞ்சாணி அணைல இருந்து வாற பறளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்துல சேந்து, குழித்துறை வழியா போயி தேங்காப்பட்டணத்துல கடல்ல விழுது. குழித்துறையாறுன்னு தான் நாங்க சொல்லுவோம். ஆடி அமாவாசைக்கு ஊரே வந்து செத்துப்போனவங்களுக்கு பலி (தர்ப்பணம்) போடுறதும் இந்த ஆத்துல தான், வாவுபலி பொருட்காட்சின்னு நகராட்சி நடத்துறதும் அதுக்கு தான்.

இனி கூட்டத்த பத்தி சொல்லுதேன், அந்த வாசகர் ஒரு தடவ கூட வந்து உக்காந்திருப்பாருன்னு எனக்கு தோணல. மாசத்துல ரெண்டாம் சனிக்கெழம, சாயங்காலம் ஆறு மணிக்கு தொடங்கி ஒன்பதுக்குள்ள முடிச்சிருவோம், ஏன்னா பாதி பேரு ரப்பர் பால்வெட்டுக்கு விடியக்காலம் மூணு நாலு மணிக்கு எந்திரிக்கணும். மைக்கு கெடையாது, மேடை கெடையாது, காசு கெடையாது. கோவில் கொடை விழாவுக்கு வில்லு பாடப் போறவங்க நாலஞ்சு பேரு இருக்கோம், மிச்சம் எல்லாம் கேக்க வந்து பாட ஆரம்பிச்சவங்க தான். களியல்னு கம்பு தட்டி ஆடுற ஆட்டம் அடிக்கிற ஆசான் ஒருத்தர் அருமனைல இருந்து வருவாரு, தேங்காப்பட்டணத்துல இருந்து கடல்ல போற ரெண்டு பேரு வந்தா வலை இழுக்குற பாட்டு கேக்கலாம், நாத்து நடுறப்ப பாடுறத பாட ஒரு பாட்டி வரும், சர்ச் கொயர்ல பாடுற நர்ஸ் பிள்ள ஒண்ணு பின்பாட்டுக்கு நிக்கும். சாமி கதையும் உண்டு, வேதக்கதைய (பைபிள் கதைய) வில்லுல பாடுறதும் உண்டு, இந்த மாவட்டத்துல ரெண்டும் பழக்கம் தான், யாரும் மூஞ்சி திருப்பினது இல்ல. குடிச்சிட்டு வந்தா மட்டும் கடைக்கார மாமாவே வாசல்ல நிப்பாட்டிருவாரு. கட்டஞ்சாயா, பழம்பொரி, என்னைக்காவது மரச்சீனி கெழங்கும் மீன்கறியும், அதுக்கு மேல அங்க ஒரு போதையும் இல்ல.

மண்டபத்துல பாடுனா என்னன்னு கேக்காரு. பாடி பாத்தாச்சு சார். 2021 வெள்ளம் கழிஞ்சு கடை சேறும் சகதியுமா கெடந்தப்ப, ரெண்டு மாசம் டவுணுக்குள்ள ஒரு சின்ன ஹால் வாடகைக்கு எடுத்தோம். சேர் வரிசையா போட்டிருந்தாங்க, ட்யூப்லைட்டு, முன்னால ஒரு மேடை. மேடைல நாங்க அஞ்சு பேரு பாடுனோம், கீழ இருந்தவங்க போன தூக்கி வீடியோ எடுத்தாங்க, ஒருத்தரும் வாய் தெறக்கல. நாத்துப்பாட்டு பாட்டி நடுவரிசைல உக்காந்துட்டு 'எலே, இங்க இருந்து நான் என்னத்த பாட, பெண்ணு பாக்க வந்த மாதிரில்லா இருக்கு'ன்னுது. மொத தடவ பதினேழு பேரு வந்தாங்க, அடுத்த தடவ ஒன்பது. வாடகைய நாங்களே பிரிச்சு கொடுத்தோம்.

சாயக்கடைல ஒருத்தரும் ஒருத்தர பாத்து வரிசையா உக்காருறது இல்ல. படில நாலு பேரு, கைப்பிடி சுவர்ல நாலு பேரு, பெஞ்சுல, ஸ்கூட்டர் மேல. பாட்டு எங்க இருந்து கெளம்பும்னே தெரியாது, ஆத்தப் பாத்து உக்காந்திருக்கவன் திரும்பாமலே ரெண்டாவது அடிய எடுப்பான். இன்னொண்ணு, சிரிக்காதீங்க, மழைக்காலம் ஆச்சுன்னா உடுக்கு தோலு ஈரம் இழுத்து தொய்ஞ்சிரும், சத்தம் டப்பு டப்புன்னு செத்த சத்தமா வரும், அத சமோவர் பக்கத்துல ரெண்டு நிமிஷம் காட்டி, விரலால தட்டி, மறுபடி காட்டி, மறுபடி தட்டி சூடு ஏத்தணும். மாமா அதுக்குன்னே கரி கொஞ்சம் கூட போட்டு வெச்சிருப்பாரு. மண்டபத்துல அத எங்க கொண்டு காட்ட, பேன்லயா?

எங்க கையில என்ன தப்புன்னு கேட்டா அதையும் சொல்லிருதேன், மறைக்க ஒண்ணும் இல்ல. 2021 நவம்பர் 13, அது ரெண்டாம் சனி. வெள்ளிக்கெழமயே மழை பேய் மாதிரி பெய்யுது, ஆனாலும் மறுநாள் எப்படியாவது பாடிரலாம்னு வில்லு, குடம், உடுக்கு, கட்டை, தாளம் எல்லாத்தையும் வழக்கம் போல கடைப் பரண்ல ஏத்தி வெச்சிட்டு வந்துட்டோம். பரண் வரைக்கும் எந்த காலத்துலயும் ஏறுனது இல்ல. கடைத்தூணுல மாமாவோட அப்பா காலத்துல இருந்து வெள்ளம் வந்த மட்டத்துக்கு கோடு போட்டு வெச்சிருக்காங்க, மேல இருக்க கோட்டுக்கும் ஒரு முழம் மேல தான் பரண். அதனால தைரியம். ராத்திரி ஜீப்புல மைக்கு கெட்டி சொல்லிட்டு போனாங்கன்னு பெறகு தெரிஞ்சுது, மழை சத்தத்துல எங்க யாரு காதுலயும் விழல, விழுந்திருந்தாலும் பரண நினைச்சு நாங்க போயிருக்க மாட்டோம்னு தான் நினைக்கேன். அந்த ரெண்டு நாளு தான் மண்ணு சரிஞ்சு நாகர்கோவில் திருவனந்தபுரம் ரயில் கூட ஓடாம நின்னுது, ஞாபகம் இருக்கும். விடிஞ்சு போய் பாத்தா கடையோட ஓடு மட்டும் தெரியுது.

வெள்ளம் வடிஞ்சு வாங்க மூணு நாளாச்சு. வில்லு கெடச்சுது, பனை வைரம், அதுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா நாணு தோலு ஊறி நீண்டு பாம்புத்தோலு மாதிரி தொங்குது, கெட்டியிருந்த மணிக்குள்ள எல்லாம் சேறு. உடுக்கு ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு. கட்டை ரெண்டும் போச்சு. குடத்த காணல. மண்குடம் பாருங்க, வாய் குறுகலா இருக்கும், உள்ள தண்ணி ஏறுறது வரைக்கும் அது முங்காது, மிதந்து போயிருக்கும்னு மாமா சொன்னாரு, நான் நம்பல. பத்து நாள் கழிச்சு மங்காடு பக்கத்துல இருந்து ஒருத்தர் விசாரிச்சு போன் பண்ணுதாரு, கைதக்காட்டுல (தாழம்புதர்ல) ஒரு குடம் மாட்டிக்கிடக்கு, உங்கள்து தானான்னு. அவரு பாத்து ஒரு வாரம் ஆகியிருக்கு, தொடல. பலி போடுற ஆறு, யாரோட அஸ்தியோ என்னமோன்னு பயந்துருக்காரு மனுஷன். பெறகு பக்கத்துல போய் பாத்தப்ப வாய் விளிம்பு ஒரு எடத்துல மட்டும் மழமழன்னு தேஞ்சு இருந்திருக்கு, இது அடிச்சு அடிச்சு தேஞ்சதுல்லான்னு அவருக்கு அப்ப தான் பிடி கெடச்சிருக்கு, அவங்க ஊரு கொடைக்கு நான் அடிச்சத பாத்தவரு. போய் எடுத்துட்டு வந்து, உள்ள காஞ்சு பிடிச்ச சேற ஈர்க்குமாறு விட்டு ரெண்டு நாளு கழுவுனேன். உடையல. கழுத்துல காசு வெச்சு தட்டுனா முன்ன இருந்ததுக்கு இப்ப ஒரு மாத்து கனமா சத்தம் வருது, வில்லு அடிச்சு பாடுற எங்க புலவருக்கு அது பிடிக்கல, எனக்கு பழகிப்போச்சு.

வெள்ள சேதம் கணக்கெடுக்க வந்தவர்கிட்ட இதெல்லாம் சொன்னோம். வீடு எவ்வளவு போச்சு, ஆடு மாடு போச்சா, வாழை எத்தன மூடு போச்சுன்னு கேட்டு எழுதுனாரு, உடுக்குன்னு எழுத ஃபாரத்துல கட்டம் இல்லன்னாரு. அவர குத்தம் சொல்லல, கட்டம் இல்லன்னா அவரு என்ன செய்வாரு. எங்கள்ல நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்துல பதிஞ்சு அட்டை வெச்சிருக்கவங்களே மூணு பேரு தான், அதுவும் எங்க சோம்பேறித்தனம் தான்.

அதுக்கு பெறகு நாங்க சும்மா இருக்கல, இத அந்த வாசகர் தெரிஞ்சுக்கிடணும். இப்ப சாமான் ஒண்ணு கூட கடைல வைக்கது இல்ல, மேட்டுல எங்க தாளக்காரன் வீட்டு மாடில இருக்கு, பாட்டு அன்னைக்கு எறக்கி, முடிஞ்சதும் ஏத்திருவோம். ஐப்பசி கார்த்திகைல ராத்திரி கூட்டம் கெடையாது, வானம் வெளுத்திருந்தா பகல்ல, அதுவும் அணை மட்டம் பாத்துட்டு தான்.

இங்கிலாந்துல வேல பாக்குற என் மச்சினன் மக லீவுக்கு வந்தப்ப ஒரு சங்கதி சொன்னா. அங்க யார்க்னு ஒரு ஊரு, ஊஸ்னு ஒரு ஆறு, அதோட கரைல கிங்ஸ் ஆர்ம்ஸ்னு ஒரு பப்பு, ஆறு பொங்குனா உள்ள ஏறிரும், அடிக்கடி ஏறும். ஏறுன மட்டத்த உள்ளயே அடையாளம் போட்டு வெச்சிருக்காங்களாம், நம்ம மாமா தூண மாதிரி. அங்க பப்புன்னா பீர் பீப்பாய நெலவறைல தான் வைப்பாங்களாம், இவங்க மட்டும் அத மாடில வெச்சிருக்காங்க. வெள்ளம் வாங்குன ஒடன கழுவி விட்டு மறுபடி தெறந்துருவாங்க. ஆத்தங்கரை வேண்டாம்னு யாரும் அத பூட்ட சொல்லல போலருக்கு. அந்த மாதிரி பப்புகள்ல ஒரு மூலைல உக்காந்து ஊரு பாட்டு பாடுற வழக்கமும் அந்த நாட்டுல உண்டாம், மேடை இல்லாம, வாறவன் பாடலாம்னு. எங்களுக்கு பீரும் இல்ல கள்ளும் இல்ல, கள்ளு வேணும்னா களியக்காவிளை தாண்டி போணும். ஆனா சாமான மேல வை, ஆள கீழ வைன்னு அவங்க கண்டுபிடிச்சது தான் நாங்களும் அடிபட்டு கண்டுபிடிச்சோம்.

இனி அணை. உங்க பத்திரிகைய கைல எடுத்தா நாங்க மொதல்ல வாசிக்கது தலைப்பு செய்தி இல்ல, அணை நீர்மட்டம் போடுற அந்த பொடி கட்டத்த தான். அணை நெறயுற மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒண்ணும் ரெண்டும் 18 அடி, இது எங்க பிள்ளைங்களுக்கு கூட மனப்பாடம். பேச்சிப்பாறை 42, 43ன்னு வந்துட்டா மாமா பழம்பொரிக்கு மாவு கரைக்கிறத கொறச்சிருவாரு. திற்பரப்பு அருவில குளிக்க தடைன்னு செய்தி வந்தா இன்னும் உஷாரு. ஆனா காலைல வாற பேப்பர்ல இருக்கது முந்தின நாளு கணக்கு, மழைல ஒரு ராத்திரிக்குள்ள எல்லாம் மாறிரும். ஷட்டர் தெறக்க முன்ன கரையோர மக்கள் பாதுகாப்பா இருங்கன்னு அறிவிப்பு வரும், சரி, அதுல இவ்வளவு கன அடின்னு இருக்கும். ஒரு கன அடின்னா ஏறக்கொறைய 28 லிட்டர், அது வினாடிக்கு இவ்வளவு கெடக்குன்னு எனக்கும் கணக்கு தெரியும், ஆனா எங்க படில அது எத்தன படி ஏறும், எத்தன மணிக்கு ஏறும்னு எவன்கிட்ட கேக்க?

எங்க ஏற்பாடு என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. மாத்தூர் தொட்டிப்பாலம் தெரியும்லா, 1966ல பறளியாத்துக்கு மேல கட்டுனது, டூரிஸ்ட் எல்லாம் மேல நடந்து போட்டோ எடுப்பாங்க. எங்க பின்பாட்டுக்காரன் ஒருத்தனுக்கு வீடு அதுக்கு பக்கம். அவன் கீழ ஆத்துல கலங்கல் செவப்பா மாறுனா, மரக்கொப்பு மிதந்து வந்தா, ஒடன போன் அடிப்பான். பறளியாத்து வெள்ளத்துக்கு அது தான் எங்க எச்சரிக்கை. கோதையாறு பக்கம் சொல்ல ஆளு இல்ல, களியல்ங்குற ஊருல ஒரு ஆட்டோக்காரர பிடிச்சு வெச்சிருக்கோம், சவாரி போயிட்டாருன்னா தகவல் போச்சு. இது போக தேங்காப்பட்டணம் பொழிமுகத்துல கடல் ஏத்தமா இருந்தா தண்ணி கீழ வாங்காது, நிண்ணு பின்னால தள்ளும், அப்ப அணைல கொறச்சு தெறந்தா கூட இங்க ஏறும். அத கடல்ல போற அந்த ரெண்டு பேரு சொல்லுவாங்க. பாட்டுக்கு வாற ஆளுங்கள வெச்சு நாங்க ஒரு வெள்ள கண்ட்ரோல் ரூம் நடத்துதோம்னு வெச்சுக்கிடுங்க. நாங்க பாட்டுக்காரங்க, தாளம் தப்பாம அடிக்க தெரியும், இது எங்க வேலயா?

அதனால நான் கேக்கது ரெண்டே ரெண்டு. மூவாற்றுமுகத்துலயும் குழித்துறைலயும் பாலத்துத் தூணுல பெரிய எழுத்துல மட்டம் வரைஞ்சு, அணைல இவ்வளவு தெறந்தா இங்க இந்த கோட்டுக்கு இத்தன மணி நேரத்துல வரும்னு கரையோரத்துல இருக்கவங்களுக்கு போன்ல தமிழ்ல ஒரு வரி வரட்டும். பாட்டுக்கு வாற முப்பது பேருக்காக இத கேக்கல, மங்காடு, வைக்கல்லூர் பக்கம் வீட்டுக்குள்ள ஏறி ஏறி சலிச்சு போன சனம் எவ்வளவு இருக்கு. ரெண்டாவது, ஆத்தங்கரைல கலையரங்கம் கட்டித்தாறோம்னு அப்பப்ப ஆளுங்க வந்து அளந்துட்டு போறாங்க, தயவு செஞ்சு அது வேண்டாம். அங்க கான்கிரீட்டு மேடை கட்டுனா அதுவும் முங்க தான் போகுது, முங்கி எந்திரிச்சா அதுக்கு மேல பாசி பிடிச்சு, பெறகு பூட்டு போட்டு, சாவி யாருகிட்டன்னு தேடணும். அந்த காசுல மேட்டுல ஒரு சின்ன ரூம் போட்டு தந்தா வில்லயும் குடத்தயும் வைக்கலாம், தாளக்காரன் பொஞ்சாதி எங்கள திட்டாம இருப்பா.

எழுதுன வாசகருக்கு ஒரு வார்த்த. ஐயா, நீங்க பயந்தது எங்க நல்லதுக்கு தான்னு புரியுது, கோவம் இல்ல. அடுத்த ரெண்டாம் சனிக்கெழம ஆறு மணிக்கு வாங்க. சுவத்துல உக்காருங்க, படி வேண்டாம், பாசி வழுக்கும். சாயா என் கணக்கு. தூணுல 2021 கோடு எதுன்னு மாமா காட்டித் தருவாரு, அது ஓட்டுக்கு கீழ கரியால போட்டது, அண்ணாந்து தான் பாக்கணும்.

இப்படிக்கு,
குடம் அடிக்கிற வாசகன்,
குழித்துறை பக்கம், கன்னியாகுமரி மாவட்டம்.

பி.கு: அணை நீர்மட்டம் போடுற கட்டத்துல எழுத்து ரொம்ப பொடியா இருக்கு. மாமாவுக்கு கண்ணாடி போட்டும் 42 தெரியுதா 47 தெரியுதான்னு சந்தேகம், கடைக்கு வாற பிள்ளைங்கள கூப்பிட்டு வாசிக்க சொல்லுதாரு. கொஞ்சம் பெருசாக்கி போட முடியுமான்னு பாருங்க.